கன்னியாகுமரி மாவட்ட ஹோட்டல்கள்: என்ன புதிது, எந்த மாதத்தில் எது கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அறை கேட்டு ஃபோன் செய்கிறவர்கள் வாடகையைக் கேட்டதும் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். ஃபோனில் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். என்னைக் கேட்டால், இந்த ஊருக்கு வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தமிழ் மாதக் காலண்டர். அறை கிடைப்பதும், தட்டில் மீன் விழுவதும், படகு ஓடுவதும் மாதத்தைப் பொறுத்தே இருக்கிறது.

ஹோட்டல் என்றால் இங்கே தங்கும் இடமா, சாப்பிடும் இடமா?

நாகர்கோவிலில் ஆட்டோக்காரரிடம் "நல்ல ஹோட்டலுக்குப் போங்கண்ணே" என்றால் சாப்பாட்டுக் கடை வாசலில் இறக்கிவிடுவார். தங்குவதற்கு என்றால் லாட்ஜ் அல்லது ரூம் என்று சொல்லுங்கள். கடற்கரையை ஒட்டிய பெரிய இடங்களை ரிசார்ட் என்கிறோம். கீழே இரண்டைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன்.

சமீபத்தில் என்ன மாறியிருக்கிறது?

பெரிய மாற்றம் கண்ணாடிப் பாலம். விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் இந்தப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர், செலவு 37 கோடி ரூபாய். 133 அடி வள்ளுவர் சிலை திறந்து 25 ஆண்டு நிறைந்த நேரத்தில் அது திறக்கப்பட்டது. எங்களுக்கு அதில் உள்ள லாபம் வேறு. முன்பு கடல் மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு விட மாட்டார்கள். பாறையை மட்டும் பார்த்துவிட்டு, "சிலை காலைத் தொடாமலே வந்துட்டோம்" என்று முகம் வாடித் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது பாறை வரை படகு ஓடினால் போதும், அங்கிருந்து சிலைக்கு நடந்தே போய்விடலாம். அதனால் அரை நாளில் ஊரைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்களிலும் சிலர் இரவு தங்குகிறார்கள்.

அடுத்தது ரயில். சென்னை எழும்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு 2024 ஆகஸ்ட் 31 முதல் வந்தே பாரத் ஓடுகிறது. புதன்கிழமை மட்டும் கிடையாது. அதிகாலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு நாகர்கோவில் வந்துவிடலாம். லாட்ஜில் அறை கொடுக்கிற நேரத்துக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

அறை வரி குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 3,000 ரூபாய் அறைக்கு முன்பு 360 ரூபாய் வரி, இப்போது 150. 7,500-க்கு மேல் போனால் பழையபடி 18 சதவீதம். இந்த மாவட்டத்தில் பெரும்பாலான அறைகள் 7,500-க்குள்ளேயே வரும். ஜிஎஸ்டி எண் இல்லாத சின்ன லாட்ஜ் வரி என்று தனியாக எதுவும் வாங்கக் கூடாது. பில்லில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால், கட்ட விருப்பமில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்ற நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது.

'சீ வியூ' அறை எடுத்தால் சூரிய உதயம், அஸ்தமனம் இரண்டும் தெரியுமா?

இந்த ஒரு கேள்வியை எல்லாரும் பணம் கட்டும் முன்னால் கேட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

கிழக்கு பார்த்த அறையில் வருடம் முழுவதும் உதயம் கடலில்தான். ஜனவரியில் ஆறரை மணியை ஒட்டி, மே கடைசியில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் எழும். மேகம் மறைப்பது வேறு விஷயம். அஸ்தமனம் அப்படி இல்லை. ஐப்பசியிலிருந்து மாசி வரை சூரியன் தென்மேற்கே சாய்ந்து கடலுக்குள் விழும். வெயில் காலம் வர வர அது வடக்கே நகர்ந்துவிடும். நம் கரையோ இங்கிருந்து முட்டம், குளச்சல் என்று வடமேற்காக ஏறிப் போகிறது. அதனால் ஆனி, ஆடியில் சூரியன் கடலில் விழாமல் கரைப்பக்கம் தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் மறைகிறது.

ஒரு ஜூன் மாதம், வேறொரு லாட்ஜில் 'சன்செட் வியூ' என்று கூடுதல் பணம் கட்டிய சேலத்துக் குடும்பம் ஒன்று எங்கள் மேசைக்கு வந்து நின்றது. பாட்டியை நாற்காலியோடு பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தென்னை மரமும் ஒரு செல்ஃபோன் டவரும்தான் தெரிந்ததாம். "கடலுக்குள்ள போறதப் பாக்கணும்னுதான் கூட்டிட்டு வந்தோம்" என்று அந்த மகன் சொன்னது இன்னும் என் மனதில் இருக்கிறது. அடுத்த நாள் விடிகாலை எங்கள் மொட்டை மாடிக்குக் கூட்டி வரச் சொல்லி உதயம் காட்டினோம். பாட்டி கைகூப்பி உட்கார்ந்திருந்தார்.

ஆகவே ஃபோனில் "சீ வியூ உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பால்கனி கிழக்கு பார்த்ததா, மேற்கு பார்த்ததா? இந்த மாதம் அங்கிருந்து என்ன தெரியும்? முன்னால் வேறு கட்டடம் இருக்கிறதா?" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். ஒழுங்கான இடம் என்றால் அறையின் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை அனுப்பும்.

எந்த மாதங்களில் அறை கிடைப்பது சிரமம்?

கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து தை மாதம் மகரஜோதி முடிந்து சில நாள் வரை ஐயப்ப சீசன். நாங்கள் வெறுமனே 'சீசன்' என்று சொன்னாலே இதுதான். சபரிமலை போய்விட்டுத் திரும்பும் வழியில் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவிலிருந்து வேன் வேனாக வருவார்கள். சன்னிதித் தெருவில் கறுப்பு, காவி வேட்டிகளாகவே தெரியும். லாட்ஜ்களில் தெலுங்கு பேசும் ஆளைக் கூடுதலாகப் போடுவார்கள். அதிகாலையிலேயே இட்லி, பொங்கல் ஆவி பறக்கும். சைவச் சாப்பாடு எங்கே பார்த்தாலும் கிடைக்கும்.

இந்தச் சீசனில் குடும்பத்தோடு வரலாமா என்றால், தாராளமாக வரலாம். சனி, ஞாயிறை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பகலில் கூட்டம் இருந்தாலும் வேன்கள் தரிசனம் முடித்து மாலையில் கிளம்பிவிடும். செவ்வாய், புதனில் பேசினால் வாடகையும் கொஞ்சம் இறங்கும்.

சீசன் தவிர, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முந்தைய இரவு அறை கிடைப்பது கஷ்டம். முக்கடலில் முழுக்குப் போட விடியும் முன்பே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காடு மாசிக் கொடை, டிசம்பர் 3-ல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்ச் 4-ஐ ஒட்டிச் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் அவதார தினம் ஆகிய நாட்களில் நாகர்கோவில் சுற்று வட்டாரம் நிரம்பிவிடும். அந்தத் திருவிழாக்களைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் ஒரு மாதம் முன்பே பேசிவிடுங்கள்.

சித்ரா பௌர்ணமிக்கு வந்தால் என்ன விசேஷம்?

மேற்கே சூரியன் இறங்கும் அதே நேரத்தில் கிழக்கே முழு நிலா எழும். ஒரே இடத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் இரண்டையும் பார்க்கலாம். ஏப்ரல் பாதியிலிருந்து மே பாதிக்குள் வரும். பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் அன்றைக்கு மட்டும் அறை வாடகை எகிறும். மாலை நான்கு மணிக்கே இடம் பிடித்துவிடுங்கள்.

சாப்பாட்டில் எந்த மாதத்துக்கு எது?

இதை எழுதத்தான் எனக்கு ஆசை. மெனு அட்டையில் வருடம் முழுக்க ஒரே பட்டியல்தான் இருக்கும், சமையல்கட்டில் அப்படி இல்லை. "இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?" என்று கேட்டால் பரோட்டா, பிரியாணி என்றுதான் பதில் வரும். "இப்ப எது சீசன்?" என்று கேட்டுப் பாருங்கள். பரிமாறுகிறவர் முகமே மாறும்.

தை கடைசியில் பனையேற்றம் தொடங்கும். பங்குனி, சித்திரையில் உச்சம். பதநீரை நாங்கள் அக்கானி என்போம். புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குவார்கள். காலையில் குடித்துவிட வேண்டும். பெரிய ஹோட்டலில் தேடாதீர்கள், சாலை ஓரம் மரத்தடியில் நிற்பவரிடம்தான் கிடைக்கும். அதே அக்கானியைக் காய்ச்சினால் கருப்பட்டி. அந்த நாட்களில் கருப்பட்டிக் காப்பி குடித்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். வெயில் ஏறினால் நுங்கு.

மார்ச் முதல் ஜூன் வரை சக்கை. பலாப்பழத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர். சுளை கெட்டியாக இருந்தால் வருக்கை, குழகுழவென்று இருந்தால் கூழன். சைவ ஹோட்டல்களில் இந்த மாதங்களில் சக்கைப் பிரதமன் என்கிற பாயசம் வைப்பார்கள், சக்கைக் கொட்டையும் மாங்காயும் போட்ட கறியும் வரும். மாம்பழத்தில் செங்கவருக்கை என்று ஒன்று இருக்கிறது, கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

திருக்கார்த்திகைக்குப் பனை ஓலையில் வைத்து அவிக்கிற கொழுக்கட்டை. இது வீட்டுப் பலகாரம். ஹோட்டலில் கிடைப்பது அபூர்வம், ஆனால் சில தங்கும் இடங்களில் வேலை செய்யும் அக்காமார் அன்றைக்கு எடுத்து வருவார்கள். நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், ஓலையைப் பிரிக்கும்போது வரும் மணத்துக்காகவே.

மாதக் கணக்கு இல்லாமல் எப்போதும் கிடைப்பவை: சம்பா அரிசிச் சோறு, உள்ளித்தீயல், அவியல், துவரன், புளிசேரி. நாகர்கோவில் டீக்கடைகளில் சாயங்காலம் ரசவடை. வடை ரசத்தில் ஊறி, ஓரம் மட்டும் லேசாக மொறுமொறுப்பு மிச்சம் இருக்கும்போது சாப்பிட வேண்டும். மார்த்தாண்டம் பக்கம் காலையில் புட்டு, பயறு, பப்படம். மாவட்டத்தின் மேற்குப் பாதியில் சமையல் மலையாளக் கரைக்கு நெருக்கம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நாஞ்சில் நாட்டுச் சைவ ருசி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் இது, அது தட்டில் தெரியும்.

மீன் சாப்பிட எப்போது வர வேண்டும்? தடைக்காலத்தில் என்ன கிடைக்கும்?

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கரை, இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கரைக் கணக்கு. அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரை, அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கம் மூடும்போது மறுபக்கம் திறந்திருப்பதால் மீன் முழுவதுமாக நின்றுபோவதில்லை. ஜூன் முதல் பதினான்கு நாட்கள் மட்டும் இரண்டு பக்கமும் விசைப்படகு போகாது. அந்த இரண்டு வாரத்தில் ஒரு ஹோட்டல் நெய்மீன், கணவாய், இறால் எல்லாம் 'ஃப்ரெஷ்' என்று சொன்னால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அதற்காக அந்த நாட்களில் மீனே வேண்டாம் என்று ஒதுக்கவும் வேண்டாம். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்களுக்குத் தடை இல்லை. கடல் விட்டால் அவர்கள் கொண்டுவரும் சாளை, நெத்திலி, அயிலை கரைக்கு வந்த சில மணி நேரத்தில் சட்டியில் இருக்கும். தேங்காய் அரைத்து மாங்காய் போட்ட நெத்திலி அவியலோடு அவித்த மரச்சீனிக் கிழங்கு. எனக்கு நெய்மீன் வறுவலைவிட இதுதான் ஒரு படி மேல்.

ஆகஸ்ட் தொடங்கி மீன் வரத்து நன்றாக இருக்கும். கூட்டமும் குறைவு. மீனுக்காகவே வருகிறவர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பரைத்தான் சொல்வேன்.

ஓணத்துக்கு இங்கே ஹோட்டல்களில் விருந்து உண்டா?

உண்டு. திருவோணத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறையே விடுவார்கள். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவிலில் பல சைவ ஹோட்டல்கள் அன்று மதியம் இலை போட்டு ஓண விருந்து வைக்கும். எரிசேரி, ஓலன், காளன், இஞ்சிக்கறி, அடைப் பிரதமன், பால் பாயசம் என்று இலை நிறையும். முன்பதிவு செய்யாமல் போனால் வரிசையில் நிற்க வேண்டும், இரண்டு மணிக்கு மேல் பிரதமன் தீர்ந்துவிடும். பார்சல் தருகிற இடங்களில் முந்தைய நாளே சொல்லி வையுங்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு வர முடிந்தால் தோவாளைப் பூச்சந்தைக்கு விடியும் முன் போங்கள். அத்தப்பூக் கோலத்துக்காக கேரளத்துக்கு மூட்டை மூட்டையாகப் பூ ஏறும்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு?

டிசம்பர் பிறந்தாலே தெருவெங்கும் நட்சத்திரமும் குடிலும்தான். பேக்கரிகளில் பிளம் கேக் அடுக்கி வைத்திருப்பார்கள். டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை ஐயப்ப சீசனும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக விழுவதால் வருடத்திலேயே வாடகை அதிகம் அப்போதுதான். 31 இரவு சில ரிசார்ட்களில் இரவு விருந்துக்கான பணத்தை அறையோடு சேர்த்துக் கட்டாயமாக வாங்குவார்கள். பதிவு செய்யும்போதே, "விருந்து வாடகைக்குள் அடக்கமா, தனியா? குழந்தைகளுக்கு எவ்வளவு?" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலையில் வாடகை குறைவாக இருக்கிறதே, வரலாமா?

எதற்கு வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று அம்மியையும் நகர்த்தும். கடல் கொந்தளித்தால் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகை நிறுத்திவிடும். பாறைக்குப் போக ஒரு நாள் மட்டும் ஒதுக்கி வந்தால் ஏமாற வாய்ப்பு உண்டு, இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கு இதுதான் நல்ல காலம். சாரல் விழும், திற்பரப்பில் கோதையாறு நுரைத்துக்கொண்டு இறங்கும். குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்னத் தங்குமிடங்கள் இருக்கின்றன. மழை வலுத்து பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்தால் அருவியில் குளிக்க விட மாட்டார்கள். கிளம்பும் முன் தங்குமிடத்துக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கடற்கரை ரிசார்ட்டில் குழந்தைகளோடு தங்குவது பாதுகாப்பா?

தங்கலாம். கடலில் இறங்குவதற்குத்தான் யோசிக்க வேண்டும். இந்தக் கரையில் 'கள்ளக்கடல்' என்று மீனவர்கள் சொல்லும் ஒன்று உண்டு. எங்கோ தெற்கே பெருங்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றோ மழையோ இல்லாத நேரத்தில் திடீரென்று கரையேறும். வானம் தெளிவாக இருக்கும், கடலும் சாதுவாகத் தெரியும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. அந்த வாரம் முழுக்க இங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கடலோரத்தில் தங்கினால் காலையில் வரவேற்பில் இருப்பவரிடம், "இன்னைக்குக் கடல் எச்சரிக்கை உண்டா?" என்று கேளுங்கள். வலை உலர்த்திக்கொண்டிருக்கிற ஆட்களிடமும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ரயில் அதிகாலையில் வந்துவிடுகிறது, அறையோ 12 மணிக்குத்தான் என்கிறார்கள். என்ன செய்வது?

இரண்டு வகை லாட்ஜ் உண்டு. சிலவற்றில் மதியம் 12 மணிக்கு நாள் மாறும். சிலவற்றில் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். இரவு ரயிலில் வருகிறவர்களுக்கு இரண்டாவது வகையே லாபம். காலை ஏழு மணிக்கு எடுத்தால் அடுத்த நாள் காலை ஏழு மணி வரை இருக்கும், இன்னொரு உதயமும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். முதல் வகை என்றால், பெட்டியை வைத்துவிட்டுக் குளிக்க ஒரு பொது அறை தருவார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் தருவார்கள்.

கன்னியாகுமரியிலேயே தங்க வேண்டுமா? நாகர்கோவில் போதாதா?

உதயம் பார்க்க வேண்டும் என்றால் ஒரு இரவாவது கன்னியாகுமரியில். கடற்கரைக்குப் பக்கத்தில் அரசின் தமிழ்நாடு ஹோட்டல் இருக்கிறது, அமைதியும் மரநிழலும் விரும்புகிறவர்களுக்கு விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரத்தின் தங்குமிடங்கள் இருக்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று மேற்கே சுற்றுகிற நாட்களுக்கு நாகர்கோவில் வசதி. அரண்மனை திங்கட்கிழமை திறக்காது.

ஆதார் நகல் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

அடையாள அட்டை ஏதாவது ஒன்று வேண்டும், வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ போதும். ஆதார்தான் கையில் இருக்கிறது என்றால் முதல் எட்டு எண்கள் மறைத்த ஆதாரைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு அதன் நகலைக் கொடுங்கள். வந்திருக்கிற பெரியவர்கள் எல்லாருக்கும் அட்டை கேட்பார்கள், ஒருவருடையது மட்டும் போதாது.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாரும் வாங்குவார்கள். முந்திரிக்கொத்து, சில்லுக்கருப்பட்டி, மார்த்தாண்டம் தேன் இருக்கிறது. நான் சொல்வது மட்டிப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த, எங்கள் மாவட்டத்துக்கே உரிய பழம். விரல் நீளம்தான் இருக்கும், தோல் மெல்லிசு, நுனி கூர்மையாக நீண்டிருக்கும். உரித்தவுடன் வாசனை அறைக்குள் நிற்கும். எங்கள் வீடுகளில் கைக்குழந்தைக்கு முதலில் கொடுக்கிற பழம் இதுதான். வடசேரிச் சந்தையில் காலையில் கிடைக்கும். இரவு ரயிலுக்கு என்றால் பழுத்ததை வாங்காதீர்கள், காய்வெட்டாக இருக்கிற சீப்பைக் கேட்டு வாங்கி, பைக்குள் திணிக்காமல் கையில் தனியாக எடுத்துப் போங்கள். இரண்டு மூன்று நாளில் தானாக மஞ்சளாகிவிடும்.